பீங்கான் தட்டில் ஒற்றைச் செருப்பு

மணல்துறைக்குப்பத்தில் வலையில் எது ஏறினாலும் அது பங்குக்கு உரியது, மீனானாலும் சரி, மிதந்து வந்த மரமானாலும் சரி. அதனால் தை பிறந்து கடல் அடங்கிய ஒரு காலையில், சுறா என்று நினைத்து ஆறு ஆம்பளைகள் மூச்சைப் பிடித்து இழுத்த வலையில் சிப்பி அப்பிய மரப்பெட்டி ஒன்று ஏறி, அதற்குள் சேறாகிப்போன வைக்கோலுக்கு நடுவே பன்னிரண்டு பீங்கான் தட்டுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தபோது, அவற்றை என்ன செய்வது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. போட்டுக்கு இரண்டு, வலைக்கு இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று, ஆளுக்கொன்றாக ஆறு, எல்லையம்மனுக்கு ஒன்று. மணலில் கவிழ்த்துப் போட்டு, கை போன தட்டை எடுத்துக்கொண்டு, மீதி மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அஞ்சுகத்தின் புருஷன் சிங்காரவேல் கொண்டுவந்த தட்டை அஞ்சுகம் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முட்டையின் உள்தோல் மாதிரி வெளிச்சம் ஊடுருவியது. விளிம்பெல்லாம் தங்கக்கோடு. கோட்டுக்குக் கீழே நம்ம ஊரில் பூக்காத பூக்கள், அவற்றுக்கு நடுவே வண்ணத்துப்பூச்சி, பொன்வண்டு, நிஜ எறும்பு என்று அவள் ஒருதரம் ஊதிப் பார்த்த எறும்பு. நடுவில் ஒரு தோட்டம், ஒரு ஒற்றையடிப் பாதை, பாதையில் ஒரு வெள்ளைக்காரி. கூண்டு மாதிரி விரிந்த ரோஸ் பாவாடை, தலையில் தொப்பி. வலது கையை விளிம்பைப் பார்த்து நீட்டியிருந்தாள். இடது கையில் ஒரு குட்டிச் செருப்பு.

"செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு யார அடிக்கப் போறாளாம்?" என்றான் சிங்காரவேல்.

"அடிக்கிறவ மூஞ்சியா இது? எதையோ தேடுறா" என்றாள் அஞ்சுகம். தேடுகிறவள் தலையில் சோறு கொட்டுகிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தட்டு என்றால் சோறு போடத்தான் என்று, இரண்டரை வயசு மகள் தன்ஷிகாவுக்கு அதிலேயே ரசம்சோறு பிசைந்து ஊட்டினாள். எப்போதும் நாலு வாய்க்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை, சோற்றுக்குக் கீழே பாவாடை தெரிகிறதா, தொப்பி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே முழுத் தட்டையும் காலி செய்தது. அன்றைக்கே அந்தத் தட்டு அந்த வீட்டில் நிலையாகிவிட்டது.

முதலில் இடம் மாறியது நாய்தான்.

போட்டுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் சொந்தக்காரி என்பதால் எதிர்வீட்டுச் சொர்ணத்துக்கு மட்டும் ஐந்து தட்டு. அதில் ஒன்றில் செம்பட்டை நாய் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தத் தட்டில் ஒருநாள் அவள் வறுத்த நெத்திலி கொடுத்தனுப்ப, அஞ்சுகம் விளிம்போடு விளிம்பை வைத்துத் தன் தட்டில் சரித்துக்கொண்டு, பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே என்று இரண்டு முறுக்கு வைத்து அனுப்பினாள். ஒரு நாழி கழித்துச் சொர்ணம் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி அஞ்சுகம், எங்க நாய் ஒங்க ஊட்டுக்கு வந்துச்சா?"

"நீ எப்பக்கா நாய் வளத்த?"

"தட்டு நாய்டி."

இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். நாய் வெள்ளைக்காரியின் பாவாடையை முகர்ந்துகொண்டிருந்தது. சொர்ணத்தின் தட்டில் அது நின்ற இடம் புல்லாகவே இருந்தது.

"நெத்திலி வாசத்துக்கு வந்திருக்கும்" என்றாள் அஞ்சுகம்.

"எங்க ஊட்ல இல்லாத நெத்திலியா" என்று சொர்ணத்துக்கு அதுதான் மனத்தாங்கல்.

அப்புறம் கொஞ்சநாள் குப்பத்தில் இதே பேச்சு. பூச்சிகள் போயின, பூக்கள் வந்தன, குளத்து அன்னம் ஒரு வீட்டிலிருந்து நாலு வீடு தாண்டிப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தது. பெண்கள் கூடிக்கூடிப் பார்த்து ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். சும்மா தட்டோடு தட்டை ஒட்டி வைத்தால் ஒன்றும் அசையாது. தட்டில் தின்பண்டம் இருக்கவேண்டும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனசார வந்ததாக இருக்கவேண்டும், விளிம்பு விளிம்பைத் தொடவேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு வழி திறக்கும். வரப்பு தாண்டுகிற மாதிரி தங்கக்கோட்டைத் தாண்டி வந்துவிடுவார்கள். கண்ணெதிரே தாண்டுவதில்லை. கண் இமைக்கும் நேரம் பார்த்துத் தாண்டுவார்கள். அந்த வெட்கம் பெண்களுக்குப் பிடித்திருந்தது.

ஊர்ப் பஞ்சாயத்து கோயில் வாசலில் கூடி இதற்கும் சட்டம் போட்டது. பங்கு தட்டுக்குத்தான், உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை. எந்தத் தட்டில் நிற்கிறார்களோ அந்த வீட்டு விருந்தாளி. விருந்தாளியை அடைத்து வைக்கக்கூடாது. கொதிக்கிற ரசத்தை நேராக முகத்தில் ஊற்றக்கூடாது. பிடில்காரன் நிற்கிற கோயில் தட்டில் திருநீறு மட்டும் வைக்கவேண்டும், அதுவும் ஓரமாக. ரேஷன் கார்டில் சேர்க்கலாமா என்று ஒரு குடிகாரர் கேட்டதைக் குறிப்பில் எழுதவில்லை.

பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சர்தான் ஒரு சாயங்காலம் வந்து, ஒவ்வொரு வீடாகப் பார்த்து, போனில் படம் பிடித்து, எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, சூளையில் வேகும்போது பீங்கானில் கருப்பாகக் குழி விழுந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடமாட்டார்களாம். குழி தெரியாமல் அதன்மேல் ஒரு பூவையோ பூச்சியையோ வரைந்துவிடுவார்களாம். அதனால்தான் வண்ணத்துப்பூச்சி போன இடத்தில் கடுகளவு கருப்புப் புள்ளி தெரிந்தது.

"பாவாடையில ஓட்ட விழுந்தா பூப் போட்டுத் தைப்போமே, அதானே" என்றாள் அஞ்சுகம். டீச்சர் அதேதான் என்றாள்.

இரண்டாவது, தான் பிடித்த படங்களை டீச்சர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, ஒரு தட்டில் விளிம்போடு நின்ற பாதை அடுத்த தட்டின் விளிம்பில் தொடங்கியது, குளம் குளத்தோடு சேர்ந்தது, மரத்தின் நிழல் மரத்தைப் போய்த் தொட்டது. பன்னிரண்டும் ஒரே தோட்டம்.

"மீனப் பங்கு வைக்கிற மாதிரி ஒரு குடும்பத்தப் பங்கு வச்சிட்டோம்" என்றாள் அஞ்சுகம். அவள் தட்டின் பாதை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க, டீச்சர் போனில் அந்தப் படம் மட்டும் இல்லை.

"பதினொண்ணுதான் இருக்கு. ஒரு வீட்டுல காட்ட மாட்டேன்னுட்டாங்க" என்றாள் டீச்சர்.

எந்த வீடு என்று அஞ்சுகம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

தவமணி அஞ்சுகத்துக்கு ஓரகத்தி, சிங்காரவேலின் அண்ணன் கலியமூர்த்தியின் பெண்டாட்டி. நாலு வீடு தள்ளி நீலக்கதவு வீடு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. தன்ஷிகா பிறந்தபோது, அஞ்சுகத்துக்கு அம்மா இல்லாத குறைக்கு, இருபத்தொரு நாளும் தவமணிதான் பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்து தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். வாளி தினமும் ஒரு வெல்லக்கட்டியோடோ ஒரு பிடி அரிசியோடோ திரும்பிப் போயிற்று. இருபத்தொன்றாம் நாள், ராத்திரியெல்லாம் பிள்ளை கத்தித் தூக்கம் கெட்டுப்போன அஞ்சுகம், எப்போது கழுவினாள், எப்போது கொடுத்தாள் என்று தெரியாமலே வாளியை வெறுமையாகக் கொடுத்துவிட்டாள். தவமணி அதை வாங்கித் திறந்து பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள். வயிறு காலியாக இருக்கிறவளுக்கு வாளியைக் காலியாகக் கொடுத்தாள் சின்னவள் என்று அன்று சாயங்காலமே ஊரெல்லாம் பேசியாயிற்று. அஞ்சுகம் மறுநாள் வெல்லம் எடுத்துக்கொண்டு ஓடினாள். நீலக்கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தம்பிகள் கடலுக்குள் போனால் பேசிக்கொள்வார்கள், கரையேறினால் பெண்டாட்டிகளுக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அவ தட்டுல என்னக்கா இருக்கு?" என்று அஞ்சுகம் சொர்ணத்திடம் கேட்டாள். எல்லா வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகிறவள் சொர்ணம் ஒருத்திதான்.

"ஒரு பொட்டப்புள்ள. மூணு வயசு இருக்கும். மஞ்சச் சட்ட. ஒத்தக் கால்ல செருப்பு இல்ல. தவமணி அதுல சோறே போடுறதில்லடி, மடியில வச்சிக்கிட்டுப் பக்கத்துல வேற தட்டுல சாப்புடுறா. அதுக்குன்னு ஒரு சீப்பு வேற வாங்கி வச்சிருக்கா."

அஞ்சுகம் வீட்டுக்குள் போய்த் தட்டை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக்காரி பாதையில் இல்லை. விளிம்புக்கே வந்து, தங்கக்கோட்டில் ஒரு கையை ஊன்றி நின்றாள். அவள் நடந்து நடந்து வந்த புல் தேய்ந்து, முன்பு இல்லாத ஒரு தடம் விழுந்திருந்தது. குட்டிச் செருப்பைக் கீழே வைக்கவே இல்லை. எத்தனையோ வருஷம் கடலுக்கடியில் ஒரே பெட்டியில் மேலும் கீழுமாக இருந்த தாயும் பிள்ளையும், கரைக்கு வந்த பிறகு நாலு வீட்டுத் தூரத்தில் பிரிந்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தத் தட்டில் சோறு வைக்க அஞ்சுகத்துக்கு மனசு வரவில்லை. தன்ஷிகா எவர்சில்வர் தட்டில் நாலு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சொர்ணம் சும்மா இருப்பாளா? "பஞ்சாயத்துல சொல்லிப்புடலாம். விருந்தாளிய அடச்சி வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நாலு பேரு போயி வாங்கியாந்துடலாம்."

"வாங்கியாந்து?"

"ரெண்டு தட்டையும் ஒட்டி வை."

"மனசார வராத சோத்துக்கு அவங்க தாண்ட மாட்டாங்கக்கா. நம்மதானே கண்டுபுடிச்சோம்."

"அப்ப அவ குடுக்கணும், இல்ல நீ குடுக்கணும். அவ சென்மத்துக்கும் குடுக்க மாட்டா. நீ குடுத்தா மூஞ்சியில வீசுவா. வீசுனாலும் பரவால்ல, ஒன் வெள்ளக்காரி அங்க தாண்டிப் போயிட்டான்னா தாயும் புள்ளையும் அவகிட்டயே தங்கிடும். ஒனக்கு வெறும் புல்லுத்தரை. அத வச்சிக்கிட்டு ஆடு மேய்ப்பியா?"

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். ஆனால் சொர்ணம் சொன்னது அவ்வளவும் உண்மை என்பதால் அன்று முழுக்கப் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே யோசித்தாள். தட்டு போனால் பிள்ளை சாப்பிடாது. பிள்ளை மெலிந்தால் அங்கன்வாடியில் எடை போடும்போது அவள்தான் பேச்சு வாங்கவேண்டும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கையில் செருப்போடு ஒருத்தி விளிம்பில் நிற்கிறாள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கையில் வெல்லத்தோடு நீலக்கதவுக்கு முன்னால் தான் நின்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் எவ்வளவு நேரம் நின்றாள்? பத்து நிமிஷம் இருக்கும். இவளைப்போல் நின்றிருக்கலாமோ என்று இப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை சிங்காரவேலிடம், "வர்றப்ப பால்சுறா கெடச்சா ஒண்ணு எடுத்தாங்க" என்றாள்.

"யாருக்குப் புள்ள பொறந்திருக்கு?"

"யாருக்கும் இல்ல. கொண்டாங்க."

சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசைந்து, நல்லெண்ணெயில் பூண்டும் வெங்காயமும் சிவக்க வதக்கிக் கிளறினாள். தானே செய்வது இதுதான் முதல் தடவை; அதுவரை அவள் தின்றதெல்லாம் தவமணி செய்ததுதான். வெள்ளைக்காரியின் பாவாடை மேல் படாமல் புல்தரைப் பக்கமாகக் குவித்து வைத்து, வாழையிலை மூடி, இடுப்பில் தன்ஷிகாவையும் கையில் தட்டையும் வைத்துக்கொண்டு, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, வலை பின்னிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க நாலு வீடு தாண்டிப் போனாள்.

நீலக்கதவு திறந்தது. தவமணி அஞ்சுகத்தைப் பார்க்கவில்லை. இலையை விலக்கிப் புட்டைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

அன்று தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கும் மறுநாள் சொர்ணம் வந்து, "நான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாததால் ஒரு கிண்ணம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். தன்ஷிகா "பாவாட அக்கா எங்க?" என்று கேட்டுக் கேட்டு எவர்சில்வர் தட்டைத் தள்ளிவிட்டது. சிங்காரவேல் கடலில் அண்ணனிடம் விசாரித்திருக்கிறான். "ரெண்டு தட்டையும் வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. சோறு ஆக்கல. நான் மூணு நாளா புரோட்டா திங்கிறேன்" என்று அண்ணன் சொன்னானாம்.

நாலாம் நாள் மத்தியானம், அஞ்சுகம் குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பும்போது, அவள் வாசற்படியில் தட்டு இருந்தது. பளிச்சென்று கழுவி, துடைத்து, வெறுமையாக. ஒரு வெல்லக்கட்டி இல்லை, ஒரு பிடி அரிசி இல்லை, ஒரு காய்ந்த மிளகாய்கூட இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. யாரும் கிட்டே வரவில்லை. வெறும் பாத்திரம் திரும்பிய வீட்டு வாசலில் என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியாது.

"பாத்தியாடி. கடன அடச்சிட்டா" என்றாள் சொர்ணம் மெதுவாக.

அஞ்சுகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து தட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைக்காரி பாதை ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மஞ்சள் சட்டைப் பிள்ளை. இரண்டு காலிலும் செருப்பு. பிள்ளையின் செம்பட்டைத் தலைமுடி எண்ணெய் வைத்துப் படியச் சீவி, நடுவகிடு எடுத்து, இரட்டைப்பின்னல் போட்டு, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்டியிருந்தது. வாயோரத்தில் மஞ்சளாக ஒரு துணுக்குப் புட்டு.

அஞ்சுகம் அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"வெறுந்தட்டாவா அனுப்பியிருக்கு எங்கக்கா?" என்றாள். "ஊட்டுல இருந்த ஒண்ண அனுப்பியிருக்கு."

பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். சொர்ணம் பின்னலை உற்றுப் பார்த்துவிட்டு, ரிப்பன் இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று குறை கண்டுபிடித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வந்ததை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் அனுப்பாமல் இருக்கக் கூடாதே. அன்று வீட்டில் இருந்தது காலையில் வடித்த சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்தான். அஞ்சுகம் அதையே தட்டின் ஓரத்தில் வைத்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடம் வாசற்படியிலேயே கிடக்க, நாலு வீடு தாண்டிப் போனாள். நீலக்கதவு சாத்தியிருக்கவில்லை.

தவமணி அடுப்பங்கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய தட்டு. தோட்டம் இருந்தது, குளக்கரை இருந்தது, பிள்ளை நின்ற இடத்தில் கடுகளவு கருப்புப் புள்ளி மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளையையும் ஏதோ ஒரு குழியை மறைக்கத்தான் யாரோ வரைந்திருக்கிறார்கள். தவமணி ஆள்காட்டி விரலால் அந்தப் புள்ளியை மூடிக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் வந்ததும் விரலை எடுக்கவில்லை. நிமிரவுமில்லை.



"புட்டுல உப்புக் கம்மி" என்றாள் தவமணி.

"நீங்க சொல்லிக் குடுக்கவே இல்லியேக்கா" என்றாள் அஞ்சுகம்.

"பூண்டும் பத்தல."

"சரிக்கா."

"சுறா நல்ல சுறாதான்" என்று தவமணி விரலை எடுத்தாள்.

அஞ்சுகம் மகளை இறக்கிவிட்டு, தட்டோடு தட்டை விளிம்பு தொட வைத்து, சோற்றைச் சரித்தாள். தன்ஷிகா யார் என்ன என்று கேட்காமல் பெரியம்மா மடியில் போய் உட்கார்ந்துகொண்டு, சோற்றுக்குக் கீழே யார் தெரிகிறார்கள் என்று எட்டிப் பார்த்து வாயைத் திறந்தது. தவமணி ஊட்டினாள். ஏழாவது வாயிலோ எட்டாவது வாயிலோ, இரண்டு பெண்களும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தட்டுக்காரப் பிள்ளை அம்மா மடியிலிருந்து இறங்கி, தங்கக்கோட்டைத் தாண்டி ஓடி, கருப்புப் புள்ளி சரியாகக் காலடியில் மறைய, தவமணியின் தட்டில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நின்றது.

வெள்ளைக்காரி மரத்தடியிலேயே இருந்தாள். எழுந்திருக்கவில்லை, கையை நீட்டவில்லை. அவள் பக்கத்துப் புல்லில் குட்டிச் செருப்பு ஒன்று கிடந்தது.

"பாத்தீங்களாக்கா, திரும்பவும் ஒத்தச் செருப்ப உட்டுட்டு ஓடியிருக்கு" என்றாள் அஞ்சுகம்.

"உட்டுட்டுப் போகட்டும்" என்று தவமணி அடுத்த வாய் சோற்றை உருட்டினாள். "அத எடுக்க வரும்ல."